திருடனை விட்டுவிட்டுப் பையனைத் திட்டுகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை பெருந்துறை நண்பரின் பதிவுக்குக் கீழே நடந்த கூத்தைப் பாதிப்பேராவது பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் இனிப் பார்க்க முடியாது, மனுசன் பதிவையே தூக்கிவிட்டார். பையன் விளையாடும் கேம் கம்பெனியிலிருந்து எல்லோருடைய விவரமும் திருட்டுப் போய்விட்டதாக மெயில் வந்திருக்கிறது, அதற்குள் பையனின் அக்கவுண்ட்டில் எவனோ புகுந்துவிட்டான், இப்போது என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். அவ்வளவுதான் கேட்டார். அதற்கு வந்த பதில்கள்: "வெளையாட உட்டா இப்படித்தானுங்க ஆகும்." "நல்லதுதான் நடந்திருக்கு, இனியாவது படிப்பான்." "ரெண்டு நாள் தோட்டத்துல மடை கட்ட உடுங்க, எல்லாம் சரியாப் போயிரும்." அப்புறம் வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

கம்பெனி எப்படி விட்டது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள் என்று நான் போட்டதற்கும் ஒரு சிரிப்புப் பொம்மைதான் கிடைத்தது.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். திருடியவன் ஒருத்தன். காக்க வேண்டியதைக் காக்காமல் விட்டது ஒரு கம்பெனி. இந்த இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் பறிகொடுத்த பையனைப் போய்த் திட்டுவது எந்த ஊர் நியாயம்? அவன் +2 படிக்கிறான். நோம்பிக்கு அப்புச்சி கொடுத்த காசை வைத்து அந்தக் கேமில் என்னென்னமோ வாங்கி வைத்திருந்தான். அது உங்களுக்கு வெட்டிச் செலவாகத் தெரியலாம். காசு அவனுடையது, பறிபோனதும் அவனுடையது.

இது இன்று நேற்று வந்த புத்தி இல்லை. 2011 ஏப்ரலில் சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் என்ற ஆன்லைன் கேம் சேவைக்குள் ஆள் புகுந்தபோது 7.7 கோடி கணக்குகளின் விவரம் வெளியே போனது. பெயர், முகவரி, மெயில், பிறந்த தேதி, பாஸ்வேர்டு எல்லாம்தான். ஏப்ரல் 20 அன்று சேவையை நிறுத்தினார்கள். விவரம் பறிபோயிருக்கிறது என்று ஆட்களுக்கு வாயைத் திறந்து சொன்னது 26 அன்று. நடுவில் வெளியாள் புகுந்துவிட்டான் என்றார்களே தவிர, விவரம் போனதைப் பற்றிப் பேச்சே இல்லை. மே 1 அன்று டோக்கியோவில் கசுவோ ஹிராயும் மற்ற அதிகாரிகளும் கேமராக்களுக்கு முன்னால் குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். சேவை திரும்பி வர மே மாதம் பாதி ஆகிவிட்டது.

அப்போதும் சிரித்தவர்கள் சிரித்தார்கள், கொஞ்ச நாள் வெளியே போய் வெயிலைப் பாருங்கடா என்று. பாதிக்கப்பட்டவர்களிலேயே ஒரு கூட்டம் விவரம் போனதைப் பற்றிக் கவலைப்படாமல், எப்போது விளையாட விடுவீர்கள் என்பதையே கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் இரண்டு இலவச கேமும் ஒரு மாதச் சந்தாவும் கொடுத்ததும் பலபேர் வாங்கிக்கொண்டு மறந்தே போனார்கள். கேம் ஆடும் என் பக்கத்து ஆட்களும் யோக்கியர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சந்தோஷமா?

"கேம்தானேங்க, பேங்க்கா என்ன?" என்று ஒருத்தர் எழுதியிருந்தார். படித்தவர், நல்ல வேலையில் இருப்பவர். திருடனுக்கு அது கேமா பேங்க்கா என்று என்ன கவலை? அவனுக்கு மெயிலும் பாஸ்வேர்டும் கிடைத்தால் போதும். அதையே எடுத்துக்கொண்டு மெயிலில் போட்டுப் பார்ப்பான், ஷாப்பிங் ஆப்பில் போட்டுப் பார்ப்பான், திறக்கிற இடத்தில் உள்ளே போவான். இதை மனுசன் உட்கார்ந்து செய்ய வேண்டியதுகூட இல்லை, லட்சக்கணக்கில் ஓட்டிப் பார்க்க மென்பொருள் இருக்கிறது. 2019ல் ஸிங்கா கம்பெனியிலிருந்து 17 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் போயின. அவர்கள் நடத்தியது வார்த்தைகளைக் கோத்து விளையாடும் விளையாட்டு. அதை ஆடியவர்களில் பாட்டி தாத்தாக்களும்தான் இருந்திருப்பார்கள். அவர்களையும் மடை கட்ட அனுப்பலாமா?

"எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வெச்சது பையன் தப்புத்தானே?" சரி, வைத்திருக்கக் கூடாதுதான். ஆனால் இதைக் கேட்டவர் யாரென்றால் என் சொந்த மாமா. அவருடைய பாஸ்வேர்டு குலதெய்வத்தின் பேரும் வண்டி நம்பரும் என்பது எங்கள் ஒறம்பரை முழுக்கத் தெரியும், ஏனென்றால் மாதத்துக்கு ஒருமுறை மறந்துவிட்டு எனக்குத்தான் போன் பண்ணுவார்.

மாமா பேச்சு வந்துவிட்டதால் இதையும் எழுதிவிடுகிறேன். வீட்டில் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு திருமணத் தகவல் மையத்தில் பதிவு செய்திருந்தோம். நம்ம பக்கம் அந்தப் படிவத்தில் என்னென்ன கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பிறந்த தேதி, நேரம், ஊர், குலக் கூட்டம், படிப்பு, சம்பளம், தோட்டம் எத்தனை ஏக்கர், வாடகை வருமானம் உண்டா, அப்பா செல் நம்பர், இரண்டு போட்டோ. அதை ஒரு பிடிஎஃப்பாகப் போட்டு வாட்ஸ்அப் குரூப்பில் விட்டார்கள். அங்கிருந்து எங்கெங்கே போனதோ. ராத்திரி நேரத்தில் எவனோ ஒருத்தன் கூப்பிட்டுத் தங்கச்சி பேரையும் அவள் வேலை செய்யும் இடத்தையும் சொல்லிப் பேசுகிறான். இன்னொருத்தன் பேங்க்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி அவள் பிறந்த தேதியை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கிறான். அம்மா பல நாள் போன் அடித்தாலே எடுக்கப் பயந்தார்கள். தங்கச்சி போட்டோவை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டாள், இன்றுவரை திரும்பப் போடவில்லை.

அன்றைக்கு எங்கள் சொந்தம் என்ன செய்தது? பெரியப்பா, சித்தப்பா, இதே மாமா, எல்லோரும் காரைப் போட்டுக்கொண்டு நேரே மையத்துக்குப் போனார்கள். "ஏனுங்க, எங்க புள்ள ஜாதகத்த ஊருக்கெல்லாம் வாரி எறைக்கவா உங்ககிட்டக் குடுத்தோம்?" என்று டேபிளைத் தட்டிக் கேட்டது மாமாதான். நியாயமான கேள்வி. உன்னை யாரம்மா கல்யாணம் பண்ணச் சொன்னது, ஜாதகம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று அவளைப் பார்த்து ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பல்லைக் கழற்றியிருப்பார்கள். அன்று கேட்கத் தெரிந்த அந்தக் கேள்வி இந்தப் பையனுக்கு மட்டும் ஏன் வாயில் வரவில்லை? அதே மாமா ஞாயிற்றுக்கிழமை சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை.

"கம்பெனியும்தானே பாதிக்கப்பட்டிருக்கு, அவங்களும் திருட்டுக் கொடுத்தவங்கதானே?" இது கொஞ்சம் யோசித்துக் கேட்ட கேள்வி. ஆனாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் இருப்பது திருப்பூர் ஏற்றுமதி வேலையில். எங்களிடம் துணி வாங்கும் பையர் அனுப்பிய டிசைன் கடைக்கு வருவதற்கு முன்னால் எங்களிடமிருந்து வெளியே போனால், எங்களுக்கும் திருட்டுத்தானுங்க என்று கண்ணைக் கசக்கினால் விடுவானா? அடுத்த ஆர்டர் வேறு ஊருக்குப் போயிருக்கும். சோனி விஷயத்திலும் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2013 ஜனவரியில் 2.5 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்து வைத்திருந்தால் அந்தத் திருட்டையே தடுத்திருக்கலாம் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அபராதம் விழுந்தது கம்பெனிக்கு, விளையாடிய பிள்ளைகளுக்கு இல்லை.

நம்ம ஊரிலும் சட்டம் இருக்கிறது. இப்படி ஏதாவது நடந்தால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்புக்குக் கம்பெனி தெரிவிக்க வேண்டும் என்று 2022லேயே உத்தரவு போட்டுவிட்டார்கள். 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு வைக்காத கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று எழுதியிருக்கிறது. எழுதியிருப்பது நடக்க வேண்டுமென்றால் யாராவது கேட்க வேண்டும். நாம் எங்கே கேட்கிறோம், பையனுக்குப் புத்தி சொல்லவே நமக்கு நேரம் போதவில்லை.

அடுத்து ஒருத்தர், "ஆன்லைன் ரம்மிக்கு வக்காலத்து வாங்கறீங்களா?" என்றார். இல்லைங்க. அது வேறு, இது வேறு. காசு வைத்து ஆடும் அந்த வகையறாவை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது, எனக்கும் அதில் சந்தோஷம்தான். ஆனால் நீங்களே ஆரம்பித்ததால் கேட்கிறேன். அதற்கு முன்னால் அந்த ஆப்களில் சேர ஆதார் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று நம்ம மாநிலத்தில் விதி இருந்ததே, அப்போது கொடுத்த விவரமெல்லாம் இப்போது எங்கே கிடக்கிறது? யார் கையில்? நாளைக்கு அது வெளியே வந்தால் அன்றைக்கும் சூதாடிப் பசங்களுக்கு நல்லா வேணும் என்று சிரித்துவிட்டுப் போவீர்களா? அதில் உங்கள் ஆதாரும் இருந்தால்?

உண்மையில் உங்களுக்குக் கோபம் திருட்டு மேல் இல்லை, விளையாட்டு மேல். அதுதான் எனக்கு வலிக்கிறது. சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கல்யாண மண்டபத்து மாடியில் விடிய விடிய ஜமுக்காளத்தை விரித்துச் சீட்டுப் போடலாம், அது பொழுதுபோக்கு. பொங்கலுக்கு வேலையை விட்டுவிட்டுப் பூலாம்வலசு சண்டைக்குச் சேவலைத் தூக்கிக்கொண்டு போகலாம், அது பாரம்பரியம். ஒரு பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்து கூட்டாளிகளோடு ஒரு மணி நேரம் கேம் ஆடினால் மட்டும் குடி மூழ்கிப் போகும். எனக்கு நாற்பதை நெருங்குகிறது, இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன், ஒழுங்காக வேலைக்குப் போகிறேன். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு கொஞ்ச நேரம் விளையாடினால் இன்றைக்கும் "இன்னும் சின்னப் பையனாட்ட" என்றுதான் பேச்சு வருகிறது. இருக்கட்டும். எனக்குப் பழகிவிட்டது. அந்தப் பையனுக்கு இன்னும் பழகவில்லை. அப்பா போட்ட பதிவின் கீழே தன்னைப் பற்றி ஊரே எழுதியதை அவன் உட்கார்ந்து படித்திருக்கிறான். இனிமேல் அவன் போனில் நிஜமாகவே பெரிதாக ஏதாவது நடந்தால், எவனாவது மிரட்டினால், வீட்டில் வந்து சொல்வான் என்று நினைக்கிறீர்களா? நான் நினைக்கவில்லை.

நண்பரிடம் தனியாகப் பேசிவிட்டேன். மெயில் பாஸ்வேர்டை மாற்றியாகிவிட்டது, ஓடிபி கேட்கும்படி இரண்டடுக்குப் பாதுகாப்பும் போட்டாகிவிட்டது. பணம் ஏதாவது போயிருந்தால் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்கு உடனே போன் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். கம்பெனிக்கு எழுத வேண்டிய கடிதத்தைப் பையனே எழுதுகிறான், என் உதவிகூட வேண்டாம் என்றுவிட்டான்.

இதற்குக் கீழேயும் "வேற வேலையே இல்லீங்களா அண்ணா" என்று கேட்க யாராவது வருவீர்கள். இருக்குதுங்க. வியாழக்கிழமை ஷிப்மென்ட், பேக்கிங் இன்னும் பாதியில் நிற்கிறது. அதனால் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் பதில் போடுவேன். காத்திருங்கள்.