புரியலைன்னு வாய் திறக்காத பிள்ளையை ஆன்லைன் வகுப்பில் யார் கவனிக்கிறார்கள்?

ஆன்லைன் வகுப்பு என்றாலே நெட், போன், டேட்டா என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. இந்த மூன்றையும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டால் மீதியெல்லாம் தானாக நடந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். பல வருடம் வகுப்பறையிலும், 2020-க்குப் பிறகு திரை வழியாகவும் கணக்குப் பாடம் எடுத்துவருகிறேன். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஏன் இல்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நெதர்லாந்தை எடுத்துக்கொள்வோம். அநேகமாக எல்லா வீட்டிலும் இணைய வசதி உள்ள நாடு. 2020-இல் பெருந்தொற்று வந்தபோது அங்கே பள்ளிகள் மூடியிருந்தது எட்டு வாரம்தான். மூடுவதற்குச் சற்று முன்பும், திறந்த பிறகும் பிள்ளைகள் வழக்கமான தேர்வுகளை எழுதினார்கள். அதனால் சுமார் 3,50,000 தொடக்கப் பள்ளி மாணவர்களின் மதிப்பெண்களை ஆய்வாளர்களால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. 2021-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. வீட்டிலிருந்து படித்த அந்த வாரங்களில் பிள்ளைகள் புதிதாகக் கற்றுக்கொண்டது மிகக் கொஞ்சம், அல்லது ஒன்றுமே இல்லை என்பதுதான் முடிவு. பெற்றோர் அதிகம் படிக்காத வீடுகளில் இழப்பு 60 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது.

நெட் இருந்தது. கருவி இருந்தது. பாடமும் நடந்தது. அப்புறம் எது இல்லாமல் போனது?

நெட் ஒரு பிரச்சினையே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2020 கடைசியில் யுனிசெஃப் கொடுத்த கணக்குப்படி, உலகில் 3 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணைய இணைப்பே கிடையாது. அண்ணனும் தங்கையும் ஒரே போனை வைத்துக்கொண்டு, ஒருவர் வகுப்பு முடிய இன்னொருவர் காத்திருந்த கதைகள் நம் எல்லோருக்கும் தெரியும். இது தீர்க்கப்பட வேண்டிய அநியாயம். ஆனால் இது தீர்ந்த பிறகும் மிச்சமிருக்கும் ஒரு சிக்கலைத்தான் நெதர்லாந்து காட்டுகிறது.

வகுப்பறையில் நான் பாடம் எடுக்கும்போது வாய் ஒரு வேலை செய்யும், கண் வேறொரு வேலை செய்யும். கரும்பலகையில் -3(x - 2) என்று எழுதி அடைப்பை நீக்கச் சொல்கிறேன் என்று வையுங்கள். வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே நோட்டுகளைப் பார்ப்பேன். ஒரு பையன் -3x - 6 என்று எழுதியிருப்பான். அந்த 6-க்கு முன்னால் விரலை வைத்தால் போதும், நான் எதுவும் பேச வேண்டாம். அவனே நிமிர்ந்து பார்ப்பான், உதட்டுக்குள் கணக்குப் போடுவான், மைனஸை ப்ளஸ் ஆக்குவான். சில நொடிகளில் முடிந்துவிடும். அடுத்த பெஞ்சில் ஒருத்தி பேனாவை நிறுத்திவிட்டுப் பக்கத்து நோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு அடைப்புக்குறி பிரச்சினை இல்லை, அதற்கு முந்தைய பாடமே தகராறு என்பது அந்தப் பார்வையிலேயே தெரியும். இருவருமே என்னிடம் ‘புரியலை’ என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

அதே பாடம் ஆன்லைனில். பெயர் மட்டும் எழுதிய கறுப்புப் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. "புரிஞ்சுதா?" என்று கேட்டால், எப்போதும் பதில் சொல்லும் அதே இரண்டு குரல்கள் "எஸ் மிஸ்" என்கின்றன. சாட்டில் கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுகின்றன. -6 என்று எழுதியவனும் கட்டைவிரல்தான் அனுப்பியிருப்பான், ஏனென்றால் தான் எழுதியது சரி என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பிழை அன்று திருத்தப்படாது. நாளைக்கு அதன் மேல் அடுத்த பாடம், அதற்கு மேல் இன்னொன்று. தேர்வில் மதிப்பெண் குறைந்த பிறகு "பையன் கவனமாப் படிக்கிறதில்ல" என்று பேச்சு வரும்.

இதைப் படித்துவிட்டு என்னை ஆன்லைன் கல்விக்கு எதிரி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். திரை வழியாக வந்த சில நன்மைகள் வகுப்பறையில் எனக்குக் கிடைத்ததே இல்லை.

ஒரு மாணவி. வகுப்பறையில் அந்த வருடம் முழுக்க அவள் தானாக எழுந்து ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. ஆன்லைன் வகுப்பு ஆரம்பித்து சில நாள் கழித்து, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி சாட்டில் ஒரு வரி வந்தது: "மிஸ், மூணாவது வரில மைனஸ் எப்படி போச்சு?" அருமையான கேள்வி. நான் அவள் பெயரைச் சொல்லாமல், "மூணாவது வரியை இன்னொரு தடவை பார்ப்போம்" என்று எல்லோருக்குமாக விளக்கினேன். உடனே இன்னும் சிலர் தனியாக "தேங்க்ஸ் மிஸ், எனக்கும் அதுதான் டவுட்" என்று அனுப்பினார்கள். நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்ற பயம் எத்தனை கேள்விகளைத் தொண்டையிலேயே அமுக்கி வைத்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இப்போது நேரடி வகுப்பிலும் பெயர் எழுதாத துண்டுச்சீட்டில் சந்தேகங்களை வாங்குகிறேன். அந்தப் பழக்கம் ஆன்லைன் கொடுத்தது.

பதிவுசெய்த பாடமும் அப்படித்தான். மெதுவாகப் பிடித்துக்கொள்கிற பிள்ளைக்கு நிறுத்து, பின்னால் போ, மறுபடி கேள் என்கிற மூன்றும் பெரிய வரம். உடம்பு சரியில்லாமல் மாதக்கணக்கில் படுத்திருப்பவர், பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் படிப்பவர், கைக்குழந்தையோடு பாதியில் விட்ட பட்டத்தை முடிக்க நினைக்கும் பெண், காது கேளாதவர் என்று எல்லோருக்கும் அது திறந்துவிட்ட கதவு சாதாரணமானதல்ல. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடப்பொருள்களை எல்லோருக்கும் இலவசமாகத் தரப்போவதாக 2001-இல் அறிவித்தது. சல்மான் கான் (நடிகர் இல்லை, அமெரிக்கர் ஒருவர்) தன் உறவுக்காரப் பெண்ணுக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போய், அது கான் அகாடமி என்ற இலவசப் பாடத் தளமாக வளர்ந்தது. இன்று ஓர் ஆசிரியராக நானே ஒரு தலைப்பை வேறு எப்படி விளக்கலாம் என்று தேடினால் உலகின் நல்ல ஆசிரியர்கள் பலரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடிகிறது. நான் படித்த காலத்தில் இதைக் கனவு காணக்கூட முடியாது.

பாடம் கிடைப்பதும் படிப்பு நடப்பதும் வேறு வேறு. 2011-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டபோது சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். கடைசிவரை வந்தவர்கள் ஏறத்தாழ 23,000 பேர். எம்ஐடியும் ஹார்வர்டும் எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் நடத்திய பாடங்களைப் பற்றி 2019-இல் வந்த ஆய்வு, 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம்தான் என்றது. சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்களும் அதில் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் உலகத்தரமான ஆசிரியரும் பாடமும் இருந்தே இவ்வளவுதான் என்றால், பாதியில் நின்றவரை "ஏன்ப்பா வரலை?" என்று கேட்க ஆளில்லாததும் ஒரு காரணமாகத்தான் இருக்க வேண்டும். வளர்ந்தவர்களுக்கே இந்த நிலை. பத்து வயதுப் பிள்ளையிடம் லிங்க் அனுப்பிவிட்டு, அவனாகவே உட்கார்ந்து படித்துவிடுவான் என்று எதிர்பார்ப்பது எந்த நியாயத்தில்?

காணொளியில் இன்னொரு ஆபத்து உண்டு. நல்ல விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது எல்லாம் புரிந்துவிட்ட மாதிரியே இருக்கும். காணொளியை நிறுத்திவிட்டு, வெள்ளைத்தாளை எடுத்து அதே கணக்கைப் போடச் சொன்னால் இரண்டாவது வரியில் கை நிற்கும். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், 21 நிமிட ஆன்லைன் புள்ளியியல் பாடத்தை நான்கு துண்டுகளாக்கி, ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் சின்னத் தேர்வு வைத்தார்கள். அவர்களுக்குக் கவனம் சிதறுவது பாதியாகக் குறைந்தது. குறிப்பெடுப்பது மூன்று மடங்கானது. அதே பாடம், அதே திரை!

என் வகுப்பில் இதை நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன், ஆசிரியர்கள் யாருக்காவது உதவலாம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு சின்னக் கணக்கு கொடுப்பேன். விடையை சாட்டில் தட்டச்சு செய்யலாம், ஆனால் அனுப்பக்கூடாது. எல்லோருக்கும் நேரம் கொடுத்துவிட்டு, "இப்போ அனுப்புங்க" என்று சொன்னதும் மொத்தமாக வந்து விழும். முன்னால் வந்த விடையைப் பார்த்து எழுத வழியில்லை. எத்தனை பேர் -6 போட்டிருக்கிறார்கள் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பதிலே அனுப்பாதவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டு, வகுப்பு முடிந்ததும் தனியாகப் பேசுவேன். கேமராவைப் போடச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. ஒரே அறையில் குடும்பமே இருக்கும் வீட்டை நாற்பது பேருக்குக் காட்டச் சொல்லும் உரிமை எனக்கில்லை. எழுதிக் காட்டு என்று கேட்கும் உரிமை உண்டு.

இதெல்லாம் நாற்பது பேர் வரைக்கும் நடக்கும். நூற்று இருபது பேருக்கு நடக்காது. என் பெரிய கோபம் இங்கேதான். "லிங்க் ஒண்ணுதானே, எத்தனை பேர் வந்தா என்ன?" என்று மூன்று செக்ஷனை ஒன்றாகச் சேர்த்து உட்கார வைக்கிற நிர்வாகங்களை எனக்குத் தெரியும். அப்படிச் செய்தால் அது வகுப்பாக இருக்காது, ஒலிபரப்பாகிவிடும். அதற்கு ஆசிரியர் எதற்கு, பதிவுசெய்த காணொளியே போதுமே. ஆன்லைனில் ஒரு பிள்ளையின் தடுமாற்றத்தைக் கண்டுபிடிக்க வகுப்பறையைவிட அதிக நேரமும் அதிகக் கவனமும் வேண்டும். அப்படியிருக்க, இடம் மிச்சம், ஆள் மிச்சம் என்று கணக்குப் போட்டால் அந்தச் செலவைப் பிள்ளைகளின் தலையில்தான் கட்டுகிறோம்.

ஆசிரியர் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். நாற்பது நிமிட வகுப்பு முடிந்ததும் வேலை முடிந்தது என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதற்கப்புறம்தான் வீட்டுப்பாடப் படங்கள் வர ஆரம்பிக்கும். ஒன்று தலைகீழாக இருக்கும். ஒன்றில் போனின் நிழல் பாதிப் பக்கத்தை மறைத்திருக்கும். பென்சிலில் எழுதியது மங்கலாகத் தெரியும், அது 1-ஆ 7-ஆ என்று விரலால் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். மூன்றாவது பக்கம் இருக்கும், இரண்டாவது பக்கம் இருக்காது. வகுப்பறையில் ஒரு சிவப்புப் பேனாவால் ஒரு பீரியடில் முடிகிற திருத்தம் ராத்திரிவரை இழுக்கும். நடுவில் குரூப்பில் யாராவது ஒரு பெற்றோர், "மிஸ், நாளைக்கு டெஸ்ட் உண்டா?" என்று பத்து மணிக்குக் கேட்பார். பதில் சொல்லாவிட்டால் அக்கறையில்லாத ஆசிரியர்.

திரைமுன் உட்கார்ந்திருப்பதன் அயர்ச்சி வெறும் மனப்பிரமை இல்லை. ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் அதற்கு நான்கு காரணங்களைச் சொன்னார். பல முகங்கள் மிக அருகில் நம்மையே உற்றுப் பார்ப்பது, நம் முகத்தை நாமே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது, நகர முடியாமல் ஒரே சட்டகத்துக்குள் இருப்பது, தலையசைப்பு போன்ற சைகைகளை வலிந்து செய்யவும் புரிந்துகொள்ளவும் மூளை கூடுதலாக உழைப்பது. ஆசிரியருக்கு நான் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்ப்பேன்: பதிலே வராத இடத்தை நோக்கிப் பேசிக்கொண்டே இருப்பது. ஒரு உதாரணம் சொல்லி யாராவது சிரித்தார்களா, யாராவது குழம்பினார்களா என்று தெரியாமல் அடுத்த வரிக்குப் போவது எங்கள் தொழிலில் மிகக் கடினமான விஷயம். இதற்குப் பயிற்சி வேண்டும், திருத்தும் நேரம் டைம்டேபிளில் பீரியடாகக் கணக்கிடப்பட வேண்டும். டிஜிட்டல் பேனா, நல்ல மைக் போன்றவற்றை ஆசிரியர் சொந்தக் காசில் வாங்க வேண்டியிருக்கக் கூடாது.

தேர்வில் காப்பியடிப்பதைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் கவலைப்படுகிறார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். விடையோடு நிறுத்தாமல், "இந்த வரிக்கு எப்படி வந்தே, சொல்லு" என்று இரண்டு நிமிடம் வாய்மொழியாகக் கேட்டால் யார் போட்டது என்பது தெரிந்துவிடும். அதற்கும் வகுப்பு சின்னதாக இருக்க வேண்டும்.

பிள்ளையை ஆன்லைன் வகுப்பில் சேர்க்கலாமா என்று பெற்றோர்கள் அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். சின்னக் குழந்தைகள் என்றால் வேண்டாம் என்றே சொல்கிறேன். எழுதும் கையைப் பிடித்துப் பழக்க வேண்டிய வயதில் திரை எதற்கு? மேல்வகுப்புப் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள் என்றால் தாராளமாகச் சேருங்கள். ஆனால் சேர்ப்பதற்கு முன்னால், ஆப் எப்படி இருக்கிறது, எத்தனை மணிநேரக் காணொளி இருக்கிறது என்று விசாரிப்பதோடு நிறுத்தாதீர்கள். நேரடி வகுப்பில் ஒரே நேரத்தில் எத்தனை பேர், என் பிள்ளை எழுதியதை யார் படித்துப் பார்ப்பார்கள், தொடர்ந்து இரண்டு வகுப்புக்கு அவன் பதிலே சொல்லாமல் இருந்தால் யார் எனக்குப் போன் செய்வார்கள் என்று கேளுங்கள். "சிஸ்டம் ஆட்டோமேட்டிக்கா மெசேஜ் அனுப்பிடும்" என்றால் வேறு இடம் பாருங்கள். அந்த ஆசிரியரின் பெயரைச் சொல்லி, அவர் கையில் எத்தனை பிள்ளைகள் என்றும் சொல்கிற இடமாக இருந்தால், கட்டணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.