மியூசிக் இல்லையாம்

சனிக்கிழமை என் மாணவர்கள் எடுத்த வீடியோவை அரங்கத்தில் போட்டபோது நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மறுபடி கதை சொல்லவில்லை. "இதைவிட என் பேரன் நல்லா ரீல்ஸ் போடுவான்" என்று மேடையிலிருந்து ஒருவர் மைக்கில் சொன்னதும் அரங்கமே சிரித்தது. சிரித்தவர்களில் என் சக ஆசிரியர்களும் உண்டு. சரி, இருக்கட்டும்.

நான் வீடியோ எடுக்கக் கற்றுக்கொடுக்கவில்லை ஐயா. ஒரு சிக்கலைக் கையில் கொடுத்து, அவர்களே துருவித் தெரிந்துகொண்டு, பிளஸ் டூ பிள்ளைக்குப் புரிகிற மாதிரி நாலு நிமிஷத்தில் சொல்லச் சொன்னேன். எங்கள் பக்கம் ஒரு சாலை வளைவில் கட்டிய தடுப்புச் சுவர் இரண்டே மழையில் ஏன் சாய்ந்தது? இவ்வளவுதான் கேள்வி. புத்தகத்தில் எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்லவில்லை.

முதல் ஸ்கிரிப்டில் "இயற்கையின் சீற்றம்", கூடவே சோக வயலின். திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவதிலும் சீற்றம் அடங்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு பெண் தன் பாட்டியைக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டியிருக்கிறாள். "இங்க ஊத்து இருந்துச்சே, அந்தத் தண்ணி எங்க போகும்?" என்றாராம் பாட்டி. அப்புறம்தான் சுவரில் தண்ணீர் வடியத் துளை இருக்கிறதா என்று தேடினார்கள். மூன்று இருந்தன, மூன்றும் மண்ணடைத்துக் கிடந்தன. ஈரமேறிய மண்ணும் பின்னால் தேங்கிய தண்ணீரும் சேர்ந்து தள்ளினால் எந்தச் சுவர் நிற்கும்? அந்த வீடியோ இதைத்தான் சொல்கிறது, காற்றுச் சத்தத்தோடு, கேமரா ஆட்டத்தோடு. மியூசிக் இல்லைதான்.

நான் படித்தபோது நிலச்சரிவுக்குக் காரணங்கள் ஐந்து, பத்து மார்க், மனப்பாடம். 2009 நவம்பரில் மண் சரிந்து குன்னூர்-மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டபோது "ஏன்டா இப்படி?" என்று அம்மா கேட்டார். ஐந்தையும் ஒப்பித்தேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேடு நிற்குமா என்பதற்கு அந்த ஐந்தில் பதில் இல்லை. அன்று இரவு யாரும் தூங்கவில்லை.

"சிலபஸ் எப்போ முடியும்?" ஒரு யூனிட் பாக்கிதான், ஒப்புக்கொள்கிறேன். "எல்லாரிடமும் நல்ல போன் இருக்கா?" ஐந்து பேருக்கு ஒன்று போதும். "வெளிநாட்டுக் கூத்து" என்கிறவர்களுக்கு: ஆமாம், இந்த முறை கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1969-ல் மருத்துவ மாணவர்களுக்கு ஆரம்பித்ததுதான், நோயாளியின் சிக்கலை முதலில் வைத்து, அப்புறம் பாடம். டாக்டர் அப்படிப் படித்தால் படிப்பு, எங்கள் பிள்ளைகள் படித்தால் கூத்தா? "வாத்தியார் சும்மா உட்கார்ந்திருக்கார்" என்கிறவர்களுக்குப் பதிலே கிடையாது. ஆறு குழு, குழுவுக்கு மூன்று ஸ்கிரிப்ட், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிரித்தது என்னைப் பார்த்து என்றால் பரவாயில்லை. முன்வரிசையில் அந்தப் பாட்டி உட்கார்ந்திருந்தார், பேத்தி படம் எடுத்திருக்கிறாள் என்று முதல் பஸ்ஸில் வந்தவர்.

வீடியோவை டெலிட் பண்ணிவிட்டதாக நேற்று ராத்திரி அந்தப் பெண் மெசேஜ் அனுப்பினாள். என்னிடம் ஒரு காப்பி இருக்கிறது. நாளை முதல் ஹவரில் போடுகிறேன், சிரித்தவர்களும் வரலாம்.