கமலா ஹாரிஸ் தொடங்கிய சங்கமா அது?

‘ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா சங்கத்தை நிறுவியவர் கமலா ஹாரிஸ்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு. தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்துப் பேத்தி என்று நாம் அவரைக் கொண்டாடுவது சரிதான். அதற்காக வேறொரு பெண்ணின் உழைப்பை எடுத்து அவர் பேரில் எழுதிவிடக் கூடாது.

அந்தப் பெண் எத்தல் ஹெட்ஜ்மன். செயின்ட் லூயிஸ்காரர். வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படித்தபோது, தோழியர் எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு 1908 ஜனவரி 15-இல் மைனர் ஹாலில் சங்கத்தைத் தொடங்கினார். கறுப்பினக் கல்லூரி மாணவியருக்கான முதல் சகோதரிச் சங்கம் (சொராரிட்டி: மாணவியர் சகோதரிகள்போல ஒன்றுகூடி இயங்கும் அமைப்பு) அது. அப்போது அமெரிக்காவில் பெரும்பாலான பெண்களுக்கு ஓட்டுரிமைகூடக் கிடையாது!

படிப்போடு சேவையும் என்பதே நோக்கம். 1930-களில் சங்கத்துப் பெண்கள் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து ஏழை விவசாயக் கூலிகளுக்கு மருத்துவ முகாம் நடத்தப் போனார்கள். கூலிகளை முகாமுக்கு விட நிலக்கிழார்கள் மறுத்தார்கள். உடனே தடுப்பூசி மருந்துகளைக் கார்களில் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாக இவர்களே போய்விட்டார்கள். எனக்கு இந்தச் சங்கத்தின் மீது மதிப்பு வந்தது இதைப் படித்துத்தான்.

எத்தல் 1950-இல் காலமானார். கமலா பிறந்தது 1964-இல். ஹோவர்டில் படிக்கும்போது 1986-இல் உறுப்பினராகச் சேர்ந்தார். அவர் அணியும் முத்துமாலைகூட, 20 முத்துகளால் தொடக்ககாலப் பெண்களை நினைவுகூரும் அந்தச் சங்கத்தின் அடையாளம்தான்.