இசைத்தட்டு என்ன அப்பளமா?

மதுரையில் பழைய ரெக்கார்டு விற்கும் கடைக்காரர்களே, இன்னும் எத்தனை எல்.பி.யை, அதாவது நெடுநேரம் பாடும் பெரிய இசைத்தட்டை, வெயிலில் வைத்துக் கொல்வீர்கள்? மாசி வீதிச் சந்துக்குள் போனால் கடை வாசலிலேயே தட்டு காய்கிறது. சித்திரை மாதம், 40 டிகிரி! வெயிலை நேரடியாக வாங்கும் கறுப்புத் தட்டு அதைவிடச் சூடாகும். 60 டிகிரி பக்கம் போனாலே தட்டின் வினைல் பிளாஸ்டிக் நெகிழ்ந்துவிடும். நெளிந்த தட்டில் பாட்டை வாசிக்கும் முள் ஏறி இறங்கும், சுருதி ஆடும். அப்புறம் என்ன பாட்டு?

படுக்கப்போட்டு ஆளுயரத்துக்கு அடுக்குவது அடுத்த கொடுமை. ஒரு எல்.பி. 120 கிராம் பக்கம் இருக்கும். ஐம்பது சேர்ந்தால் 6 கிலோ. இடையில் ஒரு மணல் மாட்டினால் அடித்தட்டின் கதி?

வயிறு எரிவது நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் அந்தக் காலத்துத் தட்டைப் பார்க்கும்போதுதான். அழுக்குப் போக ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறார்கள். ஐயா, அது அரக்கு! ஸ்பிரிட்டில் கரையும். கதவுக்குப் பாலிஷ் போடுகிற ஆசாரியைக் கேளுங்கள், சொல்வார். போட்டுக் காட்டச் சொன்னால் எல்.பி. முள்ளையே அதிலும் வைக்கிறார்கள். 78-க்குப் பாட்டுப் பதிந்த பள்ளம் அகலம். மெல்லிய முள் அடியில் கிடந்து குப்பையைத்தான் வாசிக்கும், கரகரவென்று. காது இல்லையா?

விலைச்சீட்டைப் பசை தடவி அட்டைப்படத்தின் முகத்திலேயே ஒட்டுகிறார்கள். உரித்தால் முகமும் வருகிறது. உள்ளே இருப்பதோ வேறு படத்தின் தட்டு! அட்டை எண்ணும் லேபிள் எண்ணும் ஒன்றா என்று பார்க்க அரை நிமிஷம் ஆகுமா?