கம்பெனி இணைப்பில் 'கூடுதல் விலை கேட்டு வழக்கு': 120 நாள் கணக்கு நம் சட்டத்தில் இல்லை

"உங்கள் கம்பெனி வேறொன்றோடு இணைந்தால் ஓட்டுப் போடாதீர்கள். 120 நாளுக்குள் மதுரை ஐகோர்ட் கிளையில் மனு கொடுத்தால் கோர்ட்டே பங்குக்குக் கூடுதல் விலை வாங்கித் தரும்." மதுரை, மேலூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தத் தகவல் தவறு.

அந்த 120 நாள் அமெரிக்காவின் டெலாவேர் மாநிலச் சட்டம், 262-ஆம் பிரிவில் உள்ளது. அங்கேயும் வாக்கெடுப்புக்கு முன்பே எழுத்தில் கோரிக்கை தர வேண்டும். கோர்ட் ஒப்பந்த விலைக்குக் குறைவாகவும் நிர்ணயிக்கலாம்.

இங்கே 2013 கம்பெனிச் சட்டத்தின் 230 முதல் 232 வரையான பிரிவுகள்தான் பொருந்தும். விசாரிப்பது தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம். நமக்குச் சென்னை அமர்வு. இணைப்பை எதிர்த்தாலே பங்கின் விலையைப் பணமாக வாங்கிக்கொண்டு விலகும் பொது உரிமை கிடையாது. முறைப்படி ஆட்சேபிக்க 10% பங்கு இருக்க வேண்டும்.

ஓட்டுப் போடாமல் இருப்பதுதான் பெரிய நஷ்டம். இணைப்பு நிறைவேற, வாக்களித்தவர்களில் எண்ணிக்கையில் பெரும்பான்மையும், மதிப்பில் நான்கில் மூன்று பங்கும் போதும். வராதவர் கணக்கிலேயே இல்லை. இணைப்பு பற்றிய நோட்டீஸ் வந்ததும் அதோடு வரும் மதிப்பீட்டு அறிக்கையில் பங்கு மாற்று விகிதத்தை (உங்கள் பங்குக்கு ஈடாகப் புதிய கம்பெனியில் எத்தனை பங்கு என்பதை) பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் ஒரு மாதத்துக்குள் எதிர்த்து வாக்களியுங்கள்.

235-ஆம் பிரிவு வேறு: 90% மதிப்புள்ள பங்குதாரர்கள் ஒப்புக்கொண்டபின் மீதிப் பங்குகளை வாங்க நோட்டீஸ் வந்தால், தீர்ப்பாயத்தை அணுக ஒரு மாதமே அவகாசம். 120 நாளை நம்பிக் காத்திருந்தால் அதுவும் போய்விடும்.

சட்டத்தை 'இந்தியா கோட்' அரசு இணையதளத்தில் படிக்கலாம். தயவுசெய்து அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.