சிவப்பு பிளைவுட் என்றால் வாட்டர்ப்ரூஃபா?

"பிளைவுட் சிவப்பாக இருந்தால் வாட்டர்ப்ரூஃப், வெளுப்பாக இருந்தால் சாதா" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. மேல் வெனீருக்கு (மெல்லிய மரத் தகடு) சாயம் ஏற்றினால் மலிவான பலகையும் சிவந்துவிடும். தண்ணீரைத் தாங்குவது நிறமல்ல, அடுக்குகளை ஒட்டியிருக்கும் பசை.

எம்ஆர் (ஈரப்பதத்தை ஓரளவு தாங்கும்) ரகத்தில் வழக்கமாக யூரியா ஃபார்மால்டிஹைடு பசைதான். ஈரம் தொடர்ந்தால் விட்டுவிடும். படுக்கையறை அலமாரிக்குச் சரி, சிங்க் அடியில் வேண்டாம். பிடபிள்யூபி (கொதிநீரையும் தாங்கும்) ரகத்தில் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு. ஐஎஸ் 710 என்ற இந்தியத் தரப்படி மாதிரித் துண்டை 72 மணி நேரம் கொதிக்க வைத்தும் ஒட்டு தாங்க வேண்டும்.

வெறும் '710' அச்சை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்கும் சிஎம்/எல் உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். அப்புறம், அறுத்த விளிம்பை ஆசாரி மூடாமல் விட்டால் நல்ல பலகைக்குள்ளும் தண்ணீர் ஏறும்.