'லி' என்று முடிந்தால் வினையடை ஆகிவிடாது

"ஆங்கிலத்தில் 'லி' என்று முடியும் சோகச் சொல் எல்லாம் வினையடை, கதையில் வாக்கியத்தின் எந்த இடத்தில் போட்டாலும் பொருள் ஒன்றுதான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

வினையடை செயலை விவரிக்கும், பெயரடை பெயர்ச்சொல்லை விவரிக்கும். 'லோன்லி' (தனிமையான) பெயரடை. 'மெலன்கலி' (ஆழ்ந்த சோகம்) பெயர்ச்சொல்லாகவும் பெயரடையாகவும் வரும். 'ஷி வாக்ட் லோன்லி' என்று எழுதினால் இடறும். அங்கே 'அலோன்' வர வேண்டும். 'க்ளூமிலி' (சோர்வோடு), 'டிஸ்பாண்டன்ட்லி' (மனமுடைந்து) போன்றவை வினையடைகள்தான், சரி.

இடம்தான் பெரிய விஷயம். 'ஹி லெஃப்ட் சேட்லி' என்றால் அவன் வருத்தத்தோடு போனான். அதே சொல்லை முன்னால் வைத்துக் காற்புள்ளி போட்டு 'சேட்லி, ஹி லெஃப்ட்' என்றால், அவன் போனதை நினைத்துக் கதைசொல்லி வருந்துவதாகத்தான் பொதுவாகப் படிப்பார்கள். அவன் விசிலடித்துக்கொண்டேகூடப் போயிருக்கலாம்! தமிழில் 'வருத்தத்தோடு போனான்', 'வருத்தம் என்னவென்றால், அவன் போய்விட்டான்' என்று தனித்தனியாகச் சொல்லிவிடுகிறோம். அதனால் இந்த வித்தியாசம் நமக்குச் சட்டென்று உறைப்பதில்லை. நானும் பல நாள் காற்புள்ளியைக் கண்டுகொள்ளாமல்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.